ஒரே போனில் இரண்டு இருக்கை

கார்டிஃபில் மழை. அரங்க வாசலில்
என் கையில் ஸ்கேனர்.
காகிதச் சீட்டு கிடையாது,
எல்லாம் போனில்தான்.

ரோட்ரியின் போனில் இரண்டு இருக்கை.
ஆறடி தள்ளி, குடைக்குள்
முகத்தை வைத்துக்கொண்டு லவ்ரி.
"அவங்களுக்கே அனுப்பியிருக்கலாமே?" என்றேன்.
"அனுப்பத் தெரியும்" என்றார்.

நாலு சதவீதம் சார்ஜ்.
விரிசல் கண்ணாடிமேல் மழை;
கட்டங்கள் பிடிபடவில்லை.
துடைத்தார். கோட்டின் உள்பக்கத்தால் மறுபடி துடைத்தார்.
அவள்தான் கடைசியில் வந்து
குடையைச் சாய்த்துப் பிடித்தாள்.
பீப்.
பீப்.

போன்களை அணைக்கச் சொன்னார்கள்.
கதவைச் சாத்தினேன்.
முப்பத்தோராவது இரவாக எனக்கு
மரத்தின் வழியாகத்தான் பாட்டு:
முதலில் டிரம்ஸ், பிறகு கால்கள்,
பிறகு எண்ணூறு பேர் மூச்சு விடாமல் இருப்பது.

இடைவேளையில் ஓர் ஐஸ்கிரீம் வாங்கினார்.
மரக்கரண்டி இரண்டு கேட்டார்,
ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.