மூலைக் கதிர்

பிப்ரவரியில்தான் எப்போதும் நின்றுபோவேன்.
ஆதியாகமம் கதை, தானாக ஓடிவிடும்.
யாத்திராகமம் கடல் வரைக்கும் ஓட்டம்,
அப்புறம் பலகை, கொக்கி, திரைச்சீலை என்று
மூச்சு வாங்கும்.
லேவியராகமம் வந்ததும்
ஆட்டுக் குண்டிக்காய்க் கொழுப்பில் வழுக்கி
நேரே சங்கீதத்தில் போய் விழுவேன்,
ஒவ்வொரு வருஷமும்.

இந்த வருஷம் எப்சிபா
சபையில் கொடுத்த வாசிப்பு அட்டவணையை
பீரோ கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டாள்.
தலை சீவும்போதெல்லாம்
என் முகத்துக்குக் குறுக்கே காலிக் கட்டங்கள்.

கொள்முதல் நிலையத்தில் சீசன் வேலை எனக்கு.
நாலரைக்கு எழுந்து செல்போன் வெளிச்சத்தில் ஓர் அதிகாரம்.
ஆறுக்குப் பொறையாறிலிருந்து வண்டி, மேற்கே பதினோரு கிலோமீட்டர்.
பனி. நனைந்த வைக்கோல் வாசம்.
பாதிச் சாலையை அடைத்துக் காயும் சம்பா.
வாசித்தது வீரசோழன் பாலம் வரைக்கும்தான் கூட வரும்.

பத்தொன்பதாம் அதிகாரம் மட்டும்
பாலம் தாண்டியும் வந்தது.
பத்து நாளாய்த் தீட்டும் குஷ்டமும் பேசிக்கொண்டிருந்தவர்
திடீரென்று
படிக்கல் சரியா, மரக்கால் சரியா என்று
என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

நாற்பது கிலோ மூட்டை.
நாங்கள் நாற்பத்தொன்று வைப்போம்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
இன்னொரு பிடி அள்ளிப் போட்டுப் பார்க்கலாம்,
பார்க்காமலும் இருக்கலாம்.
மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறுவதில்
சுமை தூக்கும் முருகையனின் கூலி இருக்கிறது,
மேலே போகிற பங்கு இருக்கிறது,
எப்சிபாவின் கண் ஆபரேஷனுக்குக் கட்டிய முன்பணம் இருக்கிறது.
ஆண்டவரே, தராசு என்னுடையதல்ல என்றேன்.
பதிலுக்கு வண்டி இருமியது.

அன்று முதல் மூட்டையை நாற்பதேகாலில் நிறுத்தினேன்.
முருகையன் திரும்பி என்னைப் பார்த்தான்.
இரண்டாவது, நாற்பத்தொன்று.

அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு:
வயலை ஓரம்வரை வழித்து அறுக்காதே,
இல்லாதவனுக்கு விடு.
ஆத்தூரிலிருந்து வருகிற அறுப்பு மெஷினுக்கு
வேதம் தெரியாது.
வரப்பு முக்கில் திரும்ப முடியாமல்
முக்கோணமாய்க் கொஞ்சம் விட்டுத்தான் போகிறது.
இந்தப் பக்கத்தில் மோசேக்குக் கீழ்ப்படிவது அது ஒன்றுதான்,
மணிக்கு இரண்டாயிரத்து நானூறு வாங்கிக்கொண்டு.

அந்த முக்குகளை அரிவாளால் அரிந்து
தட்டிப் புடைத்து
வெரோணிக்கம்மா சாயங்காலம் கொண்டுவந்தாள்.
அரை மூட்டை. இருமுடி மாதிரித் தலையில்.
சிட்டா?
இல்லை.
அடங்கல்?
மூலைக்கு யார் சார் அடங்கல் கொடுப்பா?
கம்ப்யூட்டரில் அவளுக்கு ஒரு கட்டமும் இல்லை.
வாங்க முடியாதும்மா என்றேன்.
வாங்க வேணாம், எடை மட்டும் சொல்லுங்க,
யாவாரி இருபதுங்கிறான்.

தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தார்கள்.
கிழக்கே மேகம்.
தராசில் ஒட்டியிருந்த பதரை ஊதினேன்.
பூஜ்யம் வரட்டும் என்று காத்திருந்தேன்,
அவ்வளவு நேரம் யாருக்கும் காத்ததில்லை.
இருபத்துமூன்று கிலோ நானூறு.
சத்தமாகச் சொன்னேன்,
முருகையனுக்கும் கேட்கிற மாதிரி.

அவள் உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து
தலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள்.

இருபதாம் அதிகாரம் இன்னும் வாசிக்கவில்லை.
காலையில் சீப்பை எடுத்தால்
நெற்றிக்கு நேராக அந்தக் கட்டம்.
பேனா எப்சிபாவின் ரவிக்கை பின்னோடு
ஆணியில் தொங்குகிறது.