பின் அடித்த புத்தகம்

ராத்திரி இரண்டு மணிக்கு மேல்
கோரிப்பாளையம் மருந்துக்கடையில் கூட்டம் இருக்காது.
எதிரே பெரியாஸ்பத்திரி வாசலில்
ஆம்புலன்ஸ் ஒன்று சத்தத்தை அணைத்துவிட்டு
விளக்கை மட்டும் சுழற்றிக்கொண்டு நிற்கும்.
பில் மேஜைக்கு அடியில் செல்லை வைத்து
நான் காமிக்ஸ் படிப்பேன்.
மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
நாற்பத்தேழு வயதில் இது என்ன பழக்கம் என்று கேட்க
அந்த நேரத்தில் ஆள் கிடையாது.

செல்லில் பக்கம் என்று ஒன்று இல்லை.
ஒரு கட்டம்தான் தெரியும்,
விரலால் மேலே தள்ளினால் அடுத்தது ஏறி வரும்.
தாளில் அப்படியா?
மேல் கட்டத்தில் கதவு திறக்கும்போதே
கீழ் மூலையில் கத்தி தெரிந்துவிடும்.
எவ்வளவு யோக்கியமாகப் படித்தாலும்
கண் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும்.
இங்கே அந்தத் திருட்டுக்கு வழியில்லை.
மாடியிலிருந்து விழுகிறவன்
நான் தள்ளுகிற வரைக்கும்தான் விழுவான்.
முந்தாநாள் ஒருவனைப் பாதியில் விட்டுவிட்டு
இருமல் மருந்து எடுக்கப் போனேன்.
திரும்பி வந்தால்
நான்காம் மாடிக்கு நேரே, டை பறக்க,
அப்படியே காத்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது.

முனிச்சாலை அய்யாக்கண்ணு கடையில்
சைக்கிள் மணிக்கு முக்கால் ரூபாய்,
காமிக்ஸ் பதினைந்து காசு.
கொடியில் கிளிப் போட்டுத் தொங்கும்.
செயின் மாட்டிய கையோடு எல்லாரும் புரட்டியதில்
பாதிப் பேருக்கு மீசை கூடுதல்.
சிவப்பு மை உதட்டில் விழாமல்
ஒரு நூல் தள்ளிக் கன்னத்தில் விழுந்திருக்கும்.
அதில் கடைசித் தாள் இல்லை.
பின் அடித்த புத்தகத்தில்
கடைசி போனால் முதலும் கூடவே போகும்,
இரண்டும் ஒரே தாள்.
அதனால் கதை எங்களுக்கு மூன்றாம் பக்கத்தில்
துறைமுகத்துப் பிணத்தோடு தொடங்கி,
அறுபத்திரண்டில்
கலங்கரை விளக்கத்து உச்சியில்
இரண்டு பேர் கட்டிப் புரள்கையில் நின்றது.

மீதியை தொகுளுவா வீட்டு சாந்தாராமும் நானும்
அவர்கள் சாயப்பட்டறைத் தண்ணீர்த் தொட்டி மேல் நடத்தினோம்.
மழைக்கோட்டுக்காரன்தான் துப்பறிகிறவன்.
அப்படியொரு லட்சணமான முகம்,
வேறு யாராக இருக்க முடியும்?
"நீயே அவனா இரு" என்பான் சாந்தாராம்,
ஒரு நாள்கூட மல்லுக்கு நின்றதில்லை.
பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
தாடிக்காரனான அவனை நான் பிடித்துத் தள்ள,
நூல் மூட்டை மேல் பொத்தென்று விழுவான்.
விழும்போதே சிரிப்பான்.
பிணம் சிரிக்குமாடா என்று இறங்கி வந்து உதைப்பேன்.

முதல் பக்கத்தை இன்றுதான் பார்க்கிறேன்.
சிறைச் சுவரைத் தாண்டிக் குதிக்கிறான்
மூன்று கொலை செய்த மழைக்கோட்டுக்காரன்.
தாடி, இன்ஸ்பெக்டருடைய மாறுவேஷம்.

கடைசிப் பக்கத்தைத் தள்ளத் தள்ள
என் ஆள் விழுந்துகொண்டே இருந்தான்.
சிவப்பு இப்போது சரியாக உதட்டிலேயே இருக்கிறது.

சூரத்துக்குப் படம் அனுப்பினேன்.
இந்நேரத்தில் இரண்டு நீலக் கோடு.
"இப்பத்தான் பாக்குறியா" என்றான் சாந்தாராம்.
"அந்தத் தாள் எங்கிட்டதான் இருந்துச்சு.
டவுசர் பையில வச்சு
அம்மா துவைச்சிருச்சு."
ஏண்டா சொல்லல என்று கேட்டேன்.
எழுதுகிறான் என்று காட்டியது,
பிறகு காட்டவில்லை.
மறுபடி காட்டியது.
"சொல்லிருந்தா நீ தள்ளுவியா?"

விரலை எதிர்ப்பக்கம் இழுத்தேன்.
மழைக்கோட்டுக்காரன்
நுரையிலிருந்து தலைகீழாகப் புறப்பட்டு,
பாறை தாண்டி, கடற்பறவை தாண்டி,
கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஏறி வந்துவிட்டான்.

"அக்கா, பிள்ளைக்கு வாந்தி நிக்கல" என்று
கண்ணாடியைத் தட்டுகிறார் ஒருவர்.
சீட்டு நனைந்திருக்கிறது, எழுத்துப் புரியவில்லை.
எத்தனை வயசு என்று கேட்டுக்கொண்டே
செல்லைக் கவிழ்த்து வைக்கிறேன்.