கீரிப்பாறை இறக்கம்

மிதித்தேன்.
கால் தரைவரை போயிற்று,
வெள்ளத்தில் வைத்ததுபோல.

எழுபத்தெட்டு மாடல் ஜீப்.
பின்னால் நாலு பீப்பாய் ரப்பர் பால்.
பக்கத்தில் டெல்லஸ், ஏதோ பாதிக் கதையில்.

மறுபடி மிதி, மறுபடி. காற்று.
மூன்றாம் கியர் உறுமிற்று;
இரண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தது.
ஹேண்ட்பிரேக்கை
தூங்கும் பிள்ளையின் கையிலிருந்து
பொம்மையை உருவுவதுபோல் இழுத்தேன்.

"எடே, சவுட்டுடே."
"சவுட்டியாச்சு."

வளைவில் எதிரே பஸ் இல்லை.
இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இடதுபக்க மண்திட்டில் உரசி உரசி
ஜீப் நின்றது.
பீப்பாய்க்குள் பால்
இன்னும் போய்க்கொண்டிருந்தது.

டெல்லஸ் இறங்கிக் குனிந்தான்.
பின்சக்கரத்தில் எண்ணெய், சொட்டு சொட்டாய்.
பால்வெட்டுக்காரன் அல்லவா,
பக்கத்து மரத்துச் சிரட்டையைக் கழற்றி
அடியில் வைத்தான்.

நான் இன்னும்
மிதித்துக்கொண்டிருந்தேன்.