கேள்வி இல்லாதவர்கள் மதியச் சாப்பாட்டை எழுதவும்

போன வருஷம் இந்தப் பாடத்துக்கு
பையன்களை மைதானத்துக்கு அனுப்பினேன்.
ஒரு பிள்ளை மட்டும் வாசலில் குனிந்து
அவிழாத ஷூ லேஸை
அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தது
மணி அடிக்கும் வரை.
உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.
நான் பலகையில் கருப்பை வரைந்துகொண்டிருந்தேன்.
அம்புக்குறிகள் நேராக இருந்தன.

இந்த வருஷம் யாரையும் அனுப்பவில்லை.
ஏற்காட்டில் நவம்பர்.
உடைந்த ஜன்னல் வழியே மூடுபனி
அனுமதி கேட்காமல் வந்து
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது.
காலி சாக்பீஸ் பெட்டியில் துளை போட்டு
ஆளுக்கொரு தாள் கொடுத்தேன்.
பெயர் வேண்டாம்.
கேள்வி இருந்தால் கேள்வி,
இல்லாதவர்கள் மதியம் சாப்பிட்டதை எழுதுங்கள்.
எல்லாப் பேனாவும் ஓட வேண்டும்.
யார் எழுதுகிறார்கள் என்பதே
செய்தியாகிவிடக் கூடாது.

ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார் கேட்டார்:
"என்ன டீச்சர், சத்துணவு ரிப்போர்ட்டா?"

பெட்டியைக் கவிழ்த்தேன்.
தக்காளி சாதம்.
மீசை எப்போ வரும்.
சத்துணவு. முட்டை சின்னது.
பதினாறு முடிஞ்சும் வயசுக்கு வரலை,
சீர் வைக்க மாமா மூணு வருஷமா காத்திருக்கார்.
சாமைச்சோறு, அவரைக்காய்.
எல்லாரும் பேசிக்கிற அந்த ஆசை எனக்கு வரவே இல்லை,
மாத்திரை இருக்கா.
காலிப்பர் போட்டவளுக்கும் இந்தப் பாடம் உண்டா,
இல்லை நான் லைப்ரரிக்குப் போகட்டுமா.

கடைசியில் உள்ளதைப் படிக்கவில்லை.
வகுப்பில் காலிப்பர் ஒன்றுதான்.
உடம்பு இருக்கிற எல்லாருக்கும் இந்தப் பாடம்,
ஒருவரும் லைப்ரரிக்குப் போக முடியாது
என்று மட்டும் பொதுவாகச் சொன்னேன்.
மாத்திரை இல்லை, ஏனென்றால் அது நோய் இல்லை.
பதினாறு முடிந்தால் டாக்டரைப் பாருங்கள்,
மாமா காத்திருக்கட்டும்.

எஸ்டேட் லைனிலிருந்து வரும் ஜெசிந்தா எழுந்தாள்:
"காப்பிப் பழம் ஒரே நாள்ல சிவக்காது டீச்சர்,
அம்மா ஒரே செடிக்கு மூணு தடவை போவாங்க."
நல்ல உதாரணம் கிடைத்ததென்று சாக்பீஸ் எடுத்தேன்.
சேர்வராயன் உட்கார்ந்தபடியே சொன்னான்:
"சிலது பச்சையாவே நிக்கும்.
கடைசிச் சுத்துல அதையும் உருவிருவாங்க."

செடியை அங்கேயே விட்டோம்.
உடம்பைப் பற்றி
உடம்பு என்றே பேசினோம்.

ஒரு தாளில்:
தொட்டாங்க. நான் கத்தலை. அப்ப என் தப்பா.
இதையும் படிக்கவில்லை.
"இல்லை" என்றேன்.
எந்தக் கேள்விக்கு என்று யாரும் கேட்கவில்லை.
இன்னொரு முறை, "இல்லை."
1098 என்று பலகையில் எழுதினேன்.
சாயங்காலம் ஐந்து வரை லேபில் இருப்பேன்,
கதவு திறந்திருக்கும் என்றேன்.
அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு சார்
அந்த எண்ணை அழிக்கவில்லை.
சுற்றிலும் ஒரு கட்டம் போட்டுவிட்டு
மீதி இடத்தில் தொகையீடு நடத்தினார்.

இன்னொன்று, சாய்ந்த கையெழுத்தில்:
பொண்ணுங்க வரிசையில என் பேரைக் கூப்பிடறப்ப
வயித்தைப் பிடிக்குது.
இது பீரியட்ஸ் வலியா, வேறயா.

மூடுபனியைப் பார்த்தபடி பேசினேன்.
கண் ஒரு பக்கம் போனால்
அதுவே பெயர் சொன்னதாகிவிடும்.
வேறு வலி, ஆனால் நிஜ வலி.
உங்களை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள்,
அவர்களைக் குறிக்க நல்ல சொற்களும் இருக்கின்றன
என்று சில சொற்களைச் சொன்னேன்.
யாரோ சிரிக்கத் தொடங்கி
துணை கிடைக்காமல் நிறுத்திக்கொண்டான்.
நாளை முதல் வருகைப்பதிவில்
பையன், பெண் என்று இரண்டு வரிசை இல்லை.
அகரவரிசை.

இரவு தாள்களைத் தகர டப்பாவில் எரித்தேன்.
மீசை எரிந்தது, மாமாவின் சீர் எரிந்தது,
தக்காளி சாதம் எரிந்தது.
முட்டை சின்னது என்பதை மட்டும்
தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுக்க எடுத்துவைத்தேன்.

இன்னொரு தாளும் இருக்கிறது.
எட்டாக மடித்தது.
கேள்வியும் இல்லை, சாப்பாடும் இல்லை.
கேட்க முடியவில்லையா,
சாப்பிடவில்லையா.