பத்தாயிரத்தில் மூன்று

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை, இரவு வேலை.
ஒரு டிகிரி ஏறினால் காந்தம்
ஆயிரத்தில் ஒரு பங்கு தளரும்.
குளிர்சாதனம் அதற்குத்தான், எங்களுக்கில்லை.

எங்கோ ஒரு குளிர்நாட்டில்
எலக்ட்ரான் கூட்டம் ஒன்று
இந்தக் காந்த வரிசைக்குள் நெளிந்து நெளிந்து ஓடி
ஒளி உமிழப் போகிறது.
முதல் கல் லேசாக இடித்துவிட்டால்
நூறாவது கல்லில் அது வேறு பாதையில் இருக்கும்.

எவ்வளவு தப்பலாம்?
அந்த ஒரு கட்டத்தை நிரப்பத்தான் எனக்குச் சம்பளம்.

பூஜ்யம் என்று எழுதினால்
பூன் ஹெங் விலைப்பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருவான்.
தாராளமாக எழுதினால்
அங்கே லேசரே எரியாது.

மூன்று வாரம் கணினிக்குள்
பொய்ப் பிழைகளை விதைத்துக்கொண்டிருந்தேன்,
ஒளி எந்த இடத்தில் சாகிறதென்று பார்க்க.

இன்று கல் 317.
வடக்கு கொஞ்சம் சாய்ந்திருந்தது.
ஹிடாயு சிவப்பு ஒட்டியை உரித்துவிட்டாள்.
பொறு என்றேன், மலாயில்.
காலையில் ஒதுக்கிய 82
எதிர்ப்பக்கம் சாய்ந்த கல்.
இரண்டையும் அடுத்தடுத்து வைத்து
அளவுமுனையை நகர்த்தினோம்.
திரையில் கோடு ஒருமுறை துள்ளி
படுத்துக்கொண்டது.

படிவத்தில் எழுதினேன்:
பொறுக்கும் பிழை, பத்தாயிரத்தில் மூன்று.

பிழை என்றால் தவறு.
பிழை என்றால் உயிரோடிரு.
ஒரே சொல்லா, என்றாள் ஹிடாயு.
ஒரே சொல்தான்.
அதற்குமேல் மலாயில் எனக்கு வரவில்லை.

ஆறேகாலுக்கு முதல் விமானம் இறங்கும்,
தரை அதிரும், கோடு நடுங்கும்.
அதற்குள் இன்னும் நாற்பது கல்.