முழுப்பேர்

மஸ்கெலியா ரோட்டில் மண் சரிந்த இரவு
ஏழாம் மாசத்துப் பிள்ளை
நீலம் பாரித்துக் கிடந்தது எங்கள் காம்பராவில்.
சுவாமி இந்தப் பக்கம் வர
இனி விடியவேண்டும்,
விடியும்வரை இது இருக்கவேண்டும்.

கோப்பை என் கையில் நிற்கவில்லை.
அடுத்த காம்பரா பேச்சாயிதான்
பீலித் தண்ணியைக் கேத்தலில் வெதுப்பி வந்து
"என்ன சொல்லணும், சொல்லுங்க" என்றாள்,
நெற்றித் திருநீறு வேர்வையில் கரைய.

நான் சொல்லச் சொல்லச் சொன்னாள்.
பிதா. சுதன்.
மூன்றாவதில் நாக்கு இடறி
முதலில் இருந்து ஊற்றினாள்.
பிள்ளை தும்மியது.

கொழுந்து திரும்பிய மாசம்
கோயில் புத்தகத்தை விரித்துச் சுவாமி கேட்டார்:
தண்ணீர் தலையில் ஓடினதா?
ஓடினது சுவாமி, தலையணையும் நனைந்தது.
கொடுத்தவர் பெயர்?

சொன்னேன்.
பேனா அந்தரத்தில் நின்றது.
வெளியே படிக்கட்டில்
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்து
பிள்ளைக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள் பேச்சாயி.
எட்டிப் பார்த்தார்.
பிறகு, மறுபடி ஊற்றாமல்,
இங்கிலீசில் எழுத்துக்கூட்டி எழுதினார் அவள் பேரை.

இறங்கி வர மத்தியானம் ஆகிவிட்டது.
செக்ரோலில் எனக்கும் அவளுக்கும்
அரைப்பேர்தான் விழுந்தது.
மதலேனுக்கு முழுசு.