மஞ்சள் மூடிக்கும் பச்சை மூடிக்கும் நடுவே

மஞ்சள் மூடி முதலில்.
வலதில் ஒரு சொட்டு, இடதில் ஒரு சொட்டு.
மூக்கோரம் கண்முனையை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும்
மருந்து தொண்டைக்கு இறங்கிவிடாமல்.
பிறகு ஐந்து நிமிடம்.
அதற்குப் பிறகுதான் பச்சை மூடி.

கொளப்பள்ளியில் கரண்ட் போய் மூன்று நாள்.
மெழுகுவத்தியை அறை மூலைக்குத் தள்ளியிருக்கிறோம்.
நிரோஜாவுக்கு இந்த வெளிச்சமும் முள்.

எனக்கு வேலை கான்வெட்டு.
தேயிலைச் சரிவுக்குக் குறுக்கே, ஒன்றரை அடி ஆழம்.
ஒரு கான் தூர்ந்தால் போதும்,
மழை மண்ணுக்குள் ஊறி ஊறி
மலைக்கு வயிறு உப்பும்.
ஆடியில் ஒரு ராத்திரி லயத்தின் மேல் வந்து உட்காரும்.

இவள் பிறந்தபோது நர்ஸே சொன்னாள்,
எவ்வளவு பெரிய கண்ணு!
காலண்டர் பிள்ளை என்றார் மளிகைக்கடை யோவான்.
வதனி கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள்,
போதாதென்று உள்ளங்காலிலும் ஒன்று.
வெயிலைக் கண்டு தோளில் முகம் புதைத்தால்
வெட்கம் என்றோம்.
சும்மா நீர் வடிந்தால் சளி என்றோம்.
கருவிழி, தேய்ந்த சோடா பாட்டில் மாதிரி நீலம் பூத்தபோது
நீலக்கண் என்று பெருமைப்பட்டவன்
நான்.
அழகென்று ஊரே பார்த்தது
அழுத்தம்.

குன்னூர் தாண்டிய வளைவுகளில் எனக்குக் காது அடைத்தது.
எச்சில் விழுங்கினேன், டப்பென்று திறந்தது.
அன்று என் காதின் மேல் எனக்குக் கோபம்.

கோயமுத்தூர் டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார்.
கண்ணுக்குள் நீர் ஊறும், ஓரமாக வடிந்துவிடும்.
இவளுக்கு அந்த ஓரம் வயிற்றிலேயே சரியாக உருவாகவில்லை.
தேங்கிய நீர் பிஞ்சுக் கண்ணை ஊதுகிறது,
பின்னால் நரம்பை நசுக்குகிறது.
புரிகிறதா?
கான் இல்லை என்றேன்.
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
சொந்தத்தில் கல்யாணமா?
அத்தை மகள்.
வதனி தரையின் வெள்ளைச் சதுரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மயக்கம் கொடுத்து அளந்தார்கள். முப்பத்தெட்டு.
மயிரிழைக் கத்தியால் கான் வெட்டினார்கள், இரண்டு கண்ணிலும்.
வலது இப்போது பதினைந்து.
இடது யார் சொல்லும் கேட்பதில்லை,
அதற்கு பகல் தெரியும், இரவு தெரியும், நான் தெரியமாட்டேன்.

நாலு வயதாகிறது.
உலகத்தில் எல்லாருக்கும் ஓர் எண் உண்டென்று நினைக்கிறாள்.
உங்களுக்கு எத்தனை? பஸ் கண்டக்டரைக் கேட்டாள்.
நாற்பத்தேழு, என்றார் அவர், சீட்டைச் சொல்லி.
ஐயோ, ரொம்ப அதிகம்.
அழாம சொட்டு விட்டுக்கங்க.

வதனிக்கு இது ஏழாம் மாதம்.
நாலில் ஒன்று என்று சொல்லியிருக்கிறார்கள்.
பிறந்த வாரமே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.
நானும் அவளும் இதைப் பற்றிப் பேசுவதில்லை,
அரிசியைப் பற்றிப் பேசுகிறோம்.

வெளியே விடாத மழை.
எந்தக் கான் எங்கே அடைத்ததென்று விடிந்தால்தான் தெரியும்.
நிரோஜா தன் விரலையே கண்முனையில் வைத்துக்கொண்டு
மற்றக் கையால் சுவரைத் தடவி நடக்கிறாள்.
அம்மாவின் வயிற்றில் வாயை ஒட்டிவைத்து, ரகசியமாக,
உனக்கு எத்தனை?

ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.
இந்தப் பச்சை மூடியை
எங்கே வைத்தேன்.